வென்றவன் தலையில் கடன்: இந்தோனேசியப் போர் 1949இல் முடிந்ததா?

கடற்காகம்

காலனியப் போர் என்றாலே நம் பேச்சு அல்ஜீரியா, வியட்நாம் இரண்டோடு முடிந்துவிடுகிறது. இந்தோனேசியாவை யாரும் தொடுவதில்லை. 1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோவும் ஹட்டாவும் விடுதலை அறிவித்தார்கள். 1949 டிசம்பர் 27இல் ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் டச்சு ராணி யூலியானா ஆட்சியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். நடுவில் நான்கு வருடச் சண்டை. டச்சுப் படை 'போலீஸ் நடவடிக்கை' என்ற பெயரில் 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் இரண்டு முறை பெரிய அளவில் படையெடுத்தது. இந்தோனேசியத் தரப்பில் செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

நான் பேச வந்தது போரைப் பற்றி அல்ல, அது முடிந்த விதத்தைப் பற்றி. 1949 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஹேக் நகரில் வட்டமேசை மாநாடு நடந்தது. டச்சுக்காரர்கள் நாட்டைத் தர ஒப்புக்கொண்டார்கள். கூடவே 'டச்சுக் கிழக்கிந்திய அரசு' பட்ட கடனையும் புது நாட்டின் தலையில் கட்டினார்கள். 430 கோடி கில்டர் (டச்சு நாணயம்). அதில் ஒரு பெரும் பகுதி, இந்தோனேசியர்களை அடக்க நடத்திய அதே போருக்கான செலவு. சுட்ட குண்டுக்கும் சுடப்பட்டவனிடமே பணம் வாங்கினார்கள்.

மாநாட்டில் குடியரசின் தரப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டா ஏன் கையெழுத்துப் போட்டார்? போட்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

தம்பி, நல்ல விஷயத்தை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் 'போட்டிருக்கக் கூடாது' என்று 2020களில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

1948 டிசம்பர் 19ஐ நினைத்துப் பாருங்கள். டச்சு பாராசூட் படை ஜொக்ஜகர்த்தாவில் இறங்குகிறது. அன்றைக்கே சுகர்ணோ, ஹட்டா இருவரும் பிடிபடுகிறார்கள். தலைநகரம் போயிற்று. சுமத்ராவில் இருந்த ஷாஃப்ருதீன் பிரவிரநெகரா என்ற நிதித்துறைக்காரர் புக்கித்திங்கியில் ஓர் அவசர அரசை அமைத்துக் குடியரசின் பெயரை உயிரோடு வைத்திருந்தார். ஜாவாவில் தளபதி சுதிர்மான் காசநோயாளி, ஒரு நுரையீரல்தான் வேலை செய்தது. அவரைப் பல்லக்கு போலக் கட்டித் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போய்க் கெரில்லாப் போர் நடத்தினார்கள். விடுதலை வந்த அடுத்த மாதம், 1950 ஜனவரியில், அவர் இறந்துபோனார்.

களத்தில் டச்சுக்காரர்கள் தோற்கவில்லை. நகரங்கள் அவர்கள் கையில்தான் இருந்தன. ஆனால் நகரத்தை விட்டு வெளியே கால் வைத்தால் ஆபத்து, அதிலும் இரவில் சொல்லவே வேண்டாம். அவர்களை நிஜமாகப் பணியவைத்தது வாஷிங்டன். நெதர்லாந்து அப்போது அமெரிக்கா தந்த மார்ஷல் திட்டப் பணத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்த நாடு. 'இந்தோனேசியாவை விடாவிட்டால் பணம் நிற்கும்' என்பது 1949இல் டச்சு வெளியுறவு அமைச்சருக்கு எட்டிவிட்டது.

அமெரிக்கா ஏன் மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். 1948 செப்டம்பரில் ஜாவாவின் மாடியூனில் கம்யூனிஸ்டுகள் எழுச்சி செய்தபோது அதைக் குடியரசுப் படையே நசுக்கியது. 'இவர்கள் நம்ம ஆட்கள்' என்ற நம்பிக்கை அமெரிக்காவுக்கு அதற்கப்புறம்தான் வந்தது. அந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. அதுதான் ஹேக்கில் நீட்டிய பில்.

தணிகை

வாத்தியார் சொல்வது சரி. ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். நம் நாட்டுக்கும் இதில் இரண்டு பக்கமும் பங்கு உண்டு.

முதலில் கெட்ட பக்கம். 1945 இறுதியில் ஜப்பானியர்களிடமிருந்து பொறுப்பேற்க பிரிட்டிஷ்காரர்கள் சுரபாயாவில் இறக்கியது இந்தியச் சிப்பாய்களைத்தான். 49ஆவது இந்தியப் படைப்பிரிவின் தலைவர் மல்லபி அக்டோபர் 30இல் கொல்லப்பட்டார். நவம்பர் 10இல் நகரத்தைக் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் அடித்து நொறுக்கினார்கள். இன்றும் நவம்பர் 10 இந்தோனேசியர்களுக்கு மாவீரர் நாள். இந்தியச் சிப்பாய்களில் சில நூறு பேர் துப்பாக்கியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நல்ல பக்கம்: ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் டச்சுக் கப்பல்களில் சரக்கு ஏற்ற மறுத்தபோது இந்திய மாலுமிகளும் சேர்ந்து நின்றார்கள். 1947இல் பிஜு பட்நாயக் விமானத்தை எடுத்துக்கொண்டு போய், குடியரசின் தலைவர்களில் ஒருவரான ஷாரிரை வெளியே கொண்டுவந்தார். 1949 ஜனவரியில் நேரு டெல்லியில் மாநாடே கூட்டினார். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் டச்சு விமானங்கள் இறங்கத் தடை போட்டன. மூன்று நாடுகளும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதற்கு இன்னொரு உதாரணம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் :)

அரவிந்த்

கடனைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும். 430 கோடி எப்படி வந்தது? யார் கணக்குப் போட்டார்கள்?

கடற்காகம்

டச்சுக்காரர்கள் முதலில் 600 கோடிக்கு மேல் கேட்டார்கள். இந்தோனேசியத் தரப்பில் இதைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் சுமித்ரோ ஜோஜோஹதிகுசுமோ. ராட்டர்டாமில் படித்த பொருளாதார நிபுணர். இன்றைய ஜனாதிபதி பிரபோவோவின் அப்பா. அவர் போட்ட கணக்குப்படி, போர்ச் செலவுகளைக் கழித்துவிட்டால் டச்சுக்காரர்கள்தான் இந்தோனேசியாவுக்குக் கடன்பட்டவர்கள்! நியாயமான வாதம். நடுவராக உட்கார்ந்திருந்த அமெரிக்கர் மெர்ல் கோக்ரன் பேரம் பேசி 430க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கடன் மட்டுமா? டச்சுக் கம்பெனிகளின் தோட்டம், எண்ணெய், கப்பல், வங்கி எதையும் தொடக் கூடாது. நாணயம் வெளியிடும் ஜாவா வங்கி டச்சுக்காரர்களிடமே இருக்கும். அதைப் பிறகு 1951இல் விலை கொடுத்து வாங்கித்தான் தேசியமாக்கினார்கள். ஆக 1949 டிசம்பரில் கொடி மாறியது, கல்லாப்பெட்டி மாறவில்லை.

நூலகப்பூனை

கல்லாப்பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஷாஃப்ருதீனின் கத்திரி' பற்றி யாரும் சொல்லவில்லையே.

வாத்தியார் சொன்ன அதே ஷாஃப்ருதீன் 1950இல் நிதியமைச்சர். போர்க்காலத்தில் அச்சடித்துத் தள்ளிய நோட்டுகள் சந்தையில் வழிந்தன, விலைவாசி கட்டுக்கடங்கவில்லை, கஜானா காலி. மார்ச் மாதம் ஓர் உத்தரவு போட்டார். 5 கில்டருக்கும் அதற்கு மேலும் உள்ள டச்சுக் கால நோட்டுகள் எல்லாவற்றையும் கத்திரிக்கோலால் நடுவில் வெட்டுங்கள் என்றார்! உருவகம் இல்லை, நிஜமாகவே வெட்டச் சொன்னார். இடது பாதி, பாதி மதிப்புக்குப் பணமாகச் செல்லும். அதையும் குறிப்பிட்ட நாளுக்குள் புது நோட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். வலது பாதியைக் கொடுத்தால் 3 விழுக்காடு வட்டி தரும் நீண்ட காலக் கடன் பத்திரம் கிடைக்கும். வங்கிச் சேமிப்புக்கும் இதே கதிதான்.

ஒரே உத்தரவில் புழக்கத்தில் இருந்த பணத்தைக் குறைத்து, அரசுக்குக் கட்டாயக் கடனும் வாங்கியாயிற்று. சின்ன நோட்டுகளைத் தொடாததால் கூலிக்காரர்கள் ஓரளவு தப்பினார்கள். கடைக்காரர்கள், கொஞ்சம் சேர்த்து வைத்த நடுத்தரக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் 2016 நவம்பரில் ஏடிஎம் வாசலில் நின்றவர்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

நான் சொல்ல வருவது இதுதான்: ஹேக்கில் போட்ட கையெழுத்தின் சுமை முதலில் விழுந்தது சொந்த மக்களின் பணப்பையில். கடன் மட்டும் இதற்குக் காரணம் இல்லை, போரின் நாசமும் சேர்ந்தது. ஆனாலும் கஜானா காலியாக இருக்கும்போது இன்னொருவரின் போர்ச் செலவுக்குத் தவணை கட்டுவது எப்படி இருந்திருக்கும்?

மேடான் செல்வி

வணக்கம். நான் சுமத்ராவின் மேடான் நகரத்தில் இருக்கிறேன். எங்கள் முன்னோர்கள் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். இங்கே 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் டச்சுக்காரர், குடியரசு என்று இரண்டு கட்சியாகப் பேசுகிறீர்கள். இந்தப் பக்கத்துக் கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 1946 மார்ச்சில் கிழக்குச் சுமத்ராவில் 'சமூகப் புரட்சி' என்ற பெயரில் மலாய் சுல்தான் குடும்பங்களை வெட்டினார்கள். மலாய் மொழியின் பெரிய கவிஞர் அமீர் ஹம்சா அதில்தான் கொல்லப்பட்டார். அவர் குடியரசை ஆதரித்தவர் என்பதுதான் கொடுமை. அந்தப் பயம்தான் பிறகு டச்சுக்காரர்கள் இங்கே 'கிழக்குச் சுமத்ரா நாடு' என்று ஒன்றை உருவாக்கியபோது அதற்கு ஆட்கள் கிடைக்கக் காரணம்.

ஜாவாவிலும் 1945 இறுதியில் டச்சுக்காரர், கலப்பினத்தவர், சீனர், அம்போன் தீவுக்காரர் என்று ஆயிரக்கணக்கானோரைப் போராளிக் கும்பல்கள் கொன்றிருக்கின்றன. இதைச் சொன்னால் டச்சுக்காரனுக்கு வக்காலத்து என்று நினைக்காதீர்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதுவும் தெரிய வேண்டும்.

கடற்காகம்

செல்வி அக்கா, இது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். நன்றி. அந்தக் கூட்டாட்சி ஏற்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹேக்கில் உருவானது ஒற்றை நாடு அல்ல, 16 உறுப்புகள் கொண்ட கூட்டமைப்பு. சுகர்ணோவின் குடியரசு அதில் ஒன்று. மற்ற 15 டச்சுக்காரர்கள் வளர்த்தவை. எட்டே மாதம்தான், 1950 ஆகஸ்ட் 17இல் எல்லாம் கலைந்து ஒரே நாடு.

நடுவில் ஒரு கலகமும் நடந்தது. 1950 ஜனவரி 23இல் வெஸ்டர்லிங் என்ற முன்னாள் டச்சு கமாண்டோ சில நூறு ஆட்களோடு ஜாவாவின் பாண்டுங் நகரத்தைப் பிடித்தான். தெற்கு சுலவேசியில் 1946-47இல் ஊர் ஊராக ஆட்களை வரிசையில் நிறுத்திச் சுட்ட ஆள் இவன்தான். பாண்டுங்கில் சில மணி நேரம்தான் தாக்குப்பிடித்தான். ஜகர்த்தாவில் அமைச்சர்களைக் கொல்லும் திட்டமும் தோற்றது. அப்புறம் என்ன? டச்சுக் கடற்படை விமானத்திலேயே சிங்கப்பூருக்குப் போனான். 1987இல் நெதர்லாந்தில்தான் செத்தான். அந்தக் கொலைகளுக்காகக் கடைசிவரை ஒரு வழக்கு கூட நடக்கவில்லை.

இந்தக் கலகத்தில் கூட்டுச் சேர்ந்ததாகச் சிறைக்குப் போனவர் மேற்குக் கலிமந்தானின் (போர்னியோ தீவு) பொந்தியானக் சுல்தான் இரண்டாம் ஹமீது. இன்றைக்கும் ஒவ்வொரு இந்தோனேசிய அலுவலகத்திலும் தொங்கும் கருடச் சின்னத்தை வடிவமைத்தவர் அவரேதான்.

அரவிந்த்

இது நிஜமா? தேசியச் சின்னத்தை வரைந்தவர் தேசத்துரோக வழக்கிலா?

மேடான் செல்வி

நிஜம்தான். அவரைத் தேசிய வீரராக அறிவிக்கச் சொல்லி மேற்குக் கலிமந்தானில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தபாடில்லை.

தணிகை

எனக்கு இந்தக் கதையில் மனம் ஒப்பாத இடம் அம்போன் சிப்பாய்கள்தான். டச்சுக் காலனிப் படையில், அம்போனும் சேர்ந்த மொலுக்கத் தீவுக்காரர்கள் நிறையப் பேர். அந்தப் படை 1950 ஜூலையில் கலைக்கப்பட்டது. அதற்கு முன்னாலேயே, ஏப்ரல் 25இல், அம்போனில் 'தென் மொலுக்கக் குடியரசு' என்று தனி நாடு அறிவித்துவிட்டார்கள். ஜாவாவில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களை அம்போனில் இறக்கினால் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துவிடுவார்கள், எனவே ஜகர்த்தா அனுமதிக்காது. ஜாவாவிலேயே விட்டால் அவர்கள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. டச்சு நீதிமன்றம் அவர்களை அங்கே வைத்து வலுக்கட்டாயமாகப் படையிலிருந்து விடுவிக்கக் கூடாது என்றது.

கடைசியில் 1951இல் குடும்பங்களோடு 12,500 பேரைக் கப்பலேற்றி நெதர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள். ராட்டர்டாமில் இறங்கியதும் கையில் கொடுத்தது ராணுவத்திலிருந்து விடுவிப்புக் காகிதம். தங்க வைத்தது எங்கே தெரியுமா? வெஸ்டர்போர்க், ஃப்யூக்ட் போன்ற முகாம்களில். இரண்டும் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்தவை. வேலைக்குப் போகவும் ஆரம்பத்தில் தடை.

அவர்கள் பிள்ளைகள்தான் 1975இலும் 1977இலும் டச்சு ரயில்களைக் கடத்தினார்கள். 77இல் டி புண்ட் ஊர் அருகே ரயில் 20 நாள் நின்றது. ராணுவம் புகுந்தபோது கடத்தியவர்களில் ஆறு பேரும் பணயக்கைதிகள் இருவரும் இறந்தார்கள். கடத்தல் தப்பு, அதில் பேச்சில்லை. ஆனால் அப்பா சேவை செய்தது எந்த ராணிக்கு, அவர் செத்தது எந்த முகாமில் என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில்?

பழைய வாத்தியார்

ஹேக் ஒப்பந்தத்தில் மேற்குப் பப்புவா (நியூகினித் தீவின் மேற்குப் பாதி) விஷயம் 'ஒரு வருடத்துக்குள் பேசிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடப்பட்டது. கடனை விட இதைத்தான் நான் பெரிய ஓட்டை என்பேன். பேச்சு நடந்தது, முடிவு வரவில்லை. சுகர்ணோவுக்கு அது தேசிய வெறியை ஊட்ட வசதியான விஷயமாக அமைந்தது. 1956இல் இந்தோனேசியா ஹேக் ஒப்பந்தங்களைத் தூக்கி எறிந்து, கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டிருந்த நிலையில் மீதியைக் கட்ட மாட்டேன் என்றது. 1957 டிசம்பரில் டச்சுக் கம்பெனிகளைத் தொழிற்சங்கங்கள் கைப்பற்றின. நாட்டில் மிஞ்சியிருந்த டச்சுக் குடிமக்களை வெளியேறச் சொன்னார்கள். கம்பெனிகள் யார் கைக்குப் போயின? ராணுவத்தின் கைக்கு. பின்னாளில் ஜனாதிபதியான ராணுவத் தளபதி சுஹார்த்தோ காலத்து ஊழலுக்கு வேர் அங்கே இருக்கிறது.

1962இல் போர் மூளும் நிலை வந்து, அமெரிக்கா மறுபடியும் நடுவில் வந்து, பப்புவா கைமாறியது. 1969இல் மக்கள் விருப்பம் கேட்கிறோம் என்று சுமார் எட்டு லட்சம் மக்கள்தொகையில் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, ராணுவத்தின் முன்னால் ஒருமனதாகச் சொல்ல வைத்தார்கள். ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு அங்கே தாமிரச் சுரங்க ஒப்பந்தம் போட்டது 1967இல். வாக்கெடுப்புக்கு இரண்டு வருடம் முன்னால்!

கடற்காகம்

வாத்தியாரே, நீங்களே எனக்கு ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஹட்டா பொறுத்துக்கொண்ட மூன்று விஷயங்கள் கடன், பப்புவா, காலனிப் படை. மூன்றும் திரும்பி வந்தன. பணம் கட்டியது ஜாவாக்காரன், ஊரை இழந்தது அம்போன்காரன், நாட்டையே இழந்தது பப்புவாக்காரன். மாநாட்டு மேசையில் இவர்கள் யாருக்கும் நாற்காலி இல்லை.

பழைய வாத்தியார்

சரி, கையெழுத்துப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நூறு விழுக்காடு விடுதலை, பேச்சே கிடையாது' என்று சொன்னவர் ஒருவர் இருந்தார், 'தான் மலாக்கா' என்ற இடதுசாரித் தலைவர். 1949 பிப்ரவரியில் குடியரசுப் படையே அவரைச் சுட்டுக் கொன்றது. சுதிர்மானுக்கும் ஒப்பந்தத்தில் பிடித்தம் இல்லை. ஆனால் துப்பாக்கி எத்தனை பேரிடம், அரிசி எத்தனை நாளைக்கு? இன்னும் இரண்டு வருடம் போர் நடந்திருந்தால் பப்புவா கிடைத்திருக்குமா? இன்னும் 50,000 பேர் செத்திருப்பார்கள் என்பதுதான் என் ஊகம். ஹட்டா அவகாசத்தை வாங்கினார். வாங்கிய விலை அதிகம். அவருக்கும் அது தெரியும்.

இன்னொன்று. ஷாஃப்ருதீன், சுமித்ரோ இருவரும் 1958இல் சுமத்ராவில் ஜகர்த்தாவுக்கு எதிராகக் கிளம்பிய கிளர்ச்சி அரசில் போய்ச் சேர்ந்தார்கள். குடியரசின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவரே கிளர்ச்சி அரசின் பிரதமர். ஹேக் ஒப்பந்தம் நன்றாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்ப எனக்கு இதனால்தான் தயக்கம்.

நூலகப்பூனை

டச்சுப் பக்கம் இதை எப்படி விழுங்கியது என்பதும் சுவாரசியம். காலனி போனால் நாடே பிச்சை எடுக்கும் என்று அங்கே பயமுறுத்தினார்கள். 1950களில் அந்த நாடு அசுர வேகத்தில் வளர்ந்தது. சிப்பாய்களாகப் போன ஒரு லட்சத்துக்கும் மேலான இளைஞர்கள் வாயைத் திறக்கவில்லை. 1969 ஜனவரியில் ஹுவெட்டிங் என்ற முன்னாள் சிப்பாய் தொலைக்காட்சியில் வந்து 'நாங்கள் போர்க்குற்றம் செய்தோம்' என்றார். அவருக்குக் கொலை மிரட்டல். அரசு அவசரமாக ஓர் அறிக்கை தயாரித்து, அங்கங்கே அத்துமீறல் நடந்தது, மொத்தத்தில் படை ஒழுங்காக நடந்துகொண்டது என்று மூடிவிட்டது.

ராவகெடே என்ற ஜாவா கிராமத்தில் 1947 டிசம்பர் 9இல் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். இந்தோனேசியக் கணக்கு 431 பேர். விதவைகள் சிலர் ஹேக் நீதிமன்றத்துக்குப் போய், காலாவதி என்ற வாதத்தை உடைத்து, 2011இல் ஜெயித்தார்கள். ஆளுக்கு 20,000 யூரோ. 2022இல் பெரிய ஆய்வு ஒன்று, அளவு மீறிய வன்முறை அங்கங்கே நடந்ததல்ல, பரவலாகவும் முறையாகவும் நடந்தது என்றது. பிரதமர் ரூட்டே அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார்.

அரவிந்த்

2023 ஜூனில் ரூட்டே நாடாளுமன்றத்தில் 1945 ஆகஸ்ட் 17ஐத்தான் விடுதலை நாளாக முழுமையாக ஏற்கிறோம் என்றார் இல்லையா? அப்படியானால் 1947இலும் 48இலும் நடந்தது இன்னொரு நாட்டின் மீது படையெடுப்பு. அந்தச் செலவைக் கடனாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாமா?

கடற்காகம்

அதே கேள்வியைத்தான் அங்கேயும் சிலர் கேட்டார்கள். சட்டப்படி 1949 டிசம்பர் 27தான், 1945ஐ ஏற்பதால் சட்ட விளைவு எதுவும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜகர்த்தாவும் அழுத்திக் கேட்கவில்லை. காரணம் பழையது. 1966இல் சுஹார்த்தோ அரசு, கைப்பற்றிய டச்சுக் கம்பெனிகளுக்கு ஈடாக 60 கோடி கில்டர் தர ஒப்புக்கொண்டது. அதன் தவணை 2000ஐத் தாண்டியும் ஓடியது. அடுத்த வருடம் இந்தோனேசியாவுக்குக் கடன் தரும் நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. தலைமை நாற்காலி யாருக்கு? நெதர்லாந்துக்கு.

மேடான் செல்வி

அந்தக் குழு எப்படிக் கலைந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். 1991 நவம்பரில் கிழக்குத் திமோரின் டிலி நகரத்தில் கல்லறைக்குப் போன ஊர்வலத்தை இந்தோனேசிய ராணுவம் சுட்டது. நெதர்லாந்து கண்டித்து, உதவியோடு அதை முடிச்சுப் போட்டது. 1992 மார்ச்சில் சுஹார்த்தோ டச்சு உதவியே வேண்டாம் என்று குழுவைக் கலைத்துவிட்டார். பழைய எஜமான் பாடம் நடத்த வேண்டாம் என்று இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். திமோர்காரர்களைக் கேட்டவர்கள் குறைவு.

தணிகை

அக்கா, திமோருக்குத் தனி இழை தொடங்குங்கள். 1975 படையெடுப்பிலிருந்து ஆரம்பித்தால் நல்லது. வாத்தியார் அங்கேயும் ஹட்டாவுக்கு வக்காலத்து வாங்க வருவார், நான் எழுதித் தருகிறேன்.

பழைய வாத்தியார்

வருவேன். ஹட்டா 1956லேயே துணை ஜனாதிபதி பதவியை விட்டு விலகிவிட்டார், அந்த வழக்கில் அவரைச் சேர்க்க முடியாது தம்பி.